வேலூர்க்காரர்கள் கேட்கும் வரைபடக் கேள்விகள்: பல மொழிப் பெயர்களும் தகராறு எல்லைகளும்

லாட்ஜ், மருந்துக்கடை, கோயில் கமிட்டி, கல்லூரித் துறை என்று வேலூர்ப் பக்கம் பலருடைய இணையதளங்களுக்கு வரைபடம் வைத்துக் கொடுக்கிறேன். நேரம் கிடைத்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர் சேர்க்கிறேன். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெயர், எழுத்து சமாசாரமெல்லாம் முதலில் வரும். எல்லை, சட்டம் எல்லாம் பின்னால்.

1. ஆன்லைன் மேப்னா கூகுள் தானே சார்? வேற ஏதாவது இருக்கா?

இருக்கிறது. மேப்மைஇண்டியா என்ற இந்திய நிறுவனத்தின் மேப்பிள்ஸ் இருக்கிறது. இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. கடைசியில் சொன்னது விக்கிப்பீடியா மாதிரி: யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம், தரவை எடுத்து நம் தளத்தில் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், காசு கிடையாது.

முன்னிரண்டிலும் கூகுளிலும் நாம் திருத்தம் பரிந்துரைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

2. மேப்ல தமிழ்ப் பேர் எப்படி வருது? யாராவது உட்கார்ந்து டைப் அடிக்கிறாங்களா?

பாதி மனிதர், பாதி எந்திரம். கூகுள் 2021 ஜனவரியில் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில், ஆங்கிலத்தில் இருக்கும் கடை, மருத்துவமனைப் பெயர்களைத் தானாக ஒலிபெயர்த்துக் காட்டப்போவதாக அறிவித்தது. கோடிக்கணக்கான பெயர்களை ஆள் வைத்து எழுத முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. சிக்கல் என்னவென்றால், ஆங்கில எழுத்தைப் பார்த்து குறிலா நெடிலா, தகரமா டகரமா என்று எந்திரத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. காட்பாடி ‘கட்படி’ ஆவதும், பாகாயம் ‘பாகயம்’ ஆவதும் இப்படித்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொதுப் பெயர்ப் புலம், அதாவது பெயர் எழுதும் பெட்டி, உண்டு. அதோடு மொழிக்கொரு தனிப் புலமும் வைத்துக்கொள்ளலாம்: தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று, உருதுவுக்கு ஒன்று. பழைய பெயர், மாற்றுப் பெயர், அரசிதழ்ப் பெயர் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

3. கவர்மெண்டே வேலூர் ஸ்பெல்லிங்கை மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களே, அதைப் போடணுமா?

வேண்டாம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வந்தது. அதில் நம் ஊர் ‘வீலூர்’ என்று படிக்கும்படி இருந்தது. ஊரே சிரித்தது. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்தச் சில நாளுக்குள் ஆர்வக்கோளாறில் யாராவது வரைபடத்தில் மாற்றியிருந்தால், அதைக் கண்ட இடத்தில் பழையபடி திருத்திவிடுங்கள்.

4. என் கடைப் பேரைத் தமிழ்ல போட என்ன செய்யணும்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, ‘திருத்து’ என்பதை அழுத்தி, உங்கள் கடையைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப் பெட்டியின் ஓரத்தில் கூட்டல் குறி இருக்கும். அதைத் தட்டி மொழியில் தமிழ் என்று கொடுத்தால் புதுப் பெட்டி திறக்கும். கூகுளில் என்றால் உங்கள் கடையின் வணிகக் கணக்கில் போய்த்தான் மாற்ற வேண்டும்.

விதி ஒன்றுதான்: பலகையில் இருப்பதை எழுதுங்கள். பலகையில் ‘மெடிக்கல்ஸ்’ என்று தமிழில் எழுதியிருந்தால் அதுதான் பெயர். ‘மருந்தகம்’ என்று நீங்களாக மொழிபெயர்த்தால், கடை வாசலில் நிற்பவருக்கே கடை தெரியாமல் போய்விடும். இன்னொன்று, கூகுளைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதக் கூடாது; உரிமப்படி அது தவறு. உங்கள் தெருவுக்குப் பெயர் எழுத உங்கள் கண் போதும்.

5. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தா வேலூர் ஆங்கிலத்துல தான் தெரியுது. நான் சேர்த்த தமிழ் எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, தரவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தளத்தின் முகப்பில் தெரியும் வரைபடம் பொதுப் பெயர்ப் புலத்தில் உள்ளதை மட்டும் காட்டும். இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் அந்தப் புலத்தில் ஆங்கிலம்தான் இருக்கிறது. தமிழைப் பார்க்க வேண்டுமானால் மொழியைத் தேர்ந்தெடுக்க விடும் செயலி வேண்டும். போனில் ஆஸ்மாண்ட் போட்டு வரைபட மொழியைத் தமிழாக மாற்றிப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளில் உள்ள வரைபடங்களும் இதே தரவிலிருந்து தமிழ்ப் பெயரை எடுத்துத்தான் காட்டுகின்றன. 2018 முதல் அந்த வசதி உண்டு.

இது தெரியாமல் சிலர் பொதுப் பெயரையே அழித்துத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். மனசு புரிகிறது. ஆனால் ஒரு தெரு தமிழிலும் அடுத்த தெரு ஆங்கிலத்திலும் என்று ஆனால் யாருக்கும் பயனில்லை. பொதுப் பெயரில் எந்த மொழி என்பதை வரைபடம் போடுபவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். தமிழ்ப் புலத்தில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.

6. எங்க லாட்ஜுக்கு வர்றவங்க பாதிப் பேர் பெங்காலி, மீதி இந்தி. இதுல தமிழ் எதுக்கு சார்?

சிஎம்சி மருத்துவமனை பக்கம் பாபுராவ் தெரு, காந்தி ரோடு வழியாக நடந்து பாருங்கள். அறை வாடகைப் பலகையும் சாப்பாட்டுக் கடைப் பலகையும் வங்காள எழுத்தில் இருக்கும். நீங்கள் சொல்வது உண்மைதான். அவர்களுக்கு வங்காளத்திலும் இந்தியிலும் பெயர் வேண்டும், அதற்கான புலங்களும் இருக்கின்றன.

ஆனால் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் நோயாளி அந்த வரைபடத்தைத் தன் போனில் திறந்து ஆட்டோக்காரரிடம்தான் நீட்டுவார். ஒரே திரையை ஒருவர் வங்காளத்திலும் மற்றவர் தமிழிலும் படிக்க வேண்டும். அதனால் லாட்ஜ் தளங்களுக்கு நான் இரண்டு வரியாகத்தான் வைக்கிறேன்: மேல் வரியில் பார்ப்பவரின் மொழி, கீழ் வரியில் தமிழ். திரை சிறியதாக இருந்தால் தெருப் பெயர்களுக்கு ஒரு வரி, மருத்துவமனை வாசல், பஸ் நிலையம், ஸ்டேஷன் போன்றவற்றுக்கு மட்டும் இரண்டு வரி.

கேட்ட மொழியில் பெயர் இல்லாவிட்டால் என்ன காட்டுவது என்பதையும் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுங்கள். வங்காளம் இல்லையா, ஆங்கிலம். அதுவும் இல்லையா, பொதுப் பெயர். காலியாக மட்டும் விடக் கூடாது. பெயரில்லாத தெரு, இல்லாத தெருவுக்குச் சமம்.

7. தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. ஃபான்ட் மாத்தினா சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ‘வேலூர்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் வகரம் முதலில், ஏகாரக் கொம்பு அதற்குப் பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி வகரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். லகரத்தோடு ஊகாரத்தைச் சேர்த்து ‘லூ’ என்று ஒரே வடிவமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாத நிரல் கொம்பை வகரத்துக்குப் பின்னால் தொங்கவிடும்; லகரம் தனியாக, ஊகாரக் குறி தனியாக நிற்கும்.

உலாவி எழுதும் எழுத்தில் இந்தச் சிக்கல் வராது. வரைபட நூலகங்களில்தான், அதாவது தளத்தில் வரைபடம் வரையும் ஆயத்த நிரல்தொகுப்புகளில்தான், வரும். பயனரின் கணினியிலேயே எழுத்தை ஒவ்வொன்றாக ஒட்டி வரையும் வெக்டர் வகை நூலகங்களில் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மேப்லிபரும் அதன் தாயான மேப்பாக்ஸ் நூலகமும் இதற்குப் பேர்போனவை. சேவையகத்திலேயே படமாக வரைந்து அனுப்பும் ராஸ்டர் வகையில் தமிழ் சரியாக வரும். அவசரத்துக்கு ராஸ்டர் போடுங்கள். அல்லது முக்கியமான பத்துப் பெயர்களை வரைபடத்தின் மேல் சாதாரண எச்டிஎம்எல் பெட்டிகளாக வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், எழுத்து உடையாது. வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு முன் கொ, ஸ்ரீ, லூ மூன்றும் வரும் பெயர்களைச் சோதித்துவிடுங்கள். ஸ்ரீபுரம் ஒன்றே பாதிச் சோதனைக்குப் போதும்.

8. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் உருதுவும் கேக்கறாங்க. அது வலமிருந்து இடமா வருமே, மேப்பும் திரும்பிடுமா?

வரைபடம் திரும்பாது, கிழக்கு வலப்பக்கமே இருக்கும். பெயர்கள் மட்டும் வலமிருந்து இடமாக ஓடும். தேடல் பெட்டி, பட்டியல் போன்றவை மட்டும் இடம் மாறும். முந்தைய பதிலில் சொன்ன வெக்டர் நூலகங்களுக்கு வலமிருந்து இட எழுத்துக்கென்று தனிச் செருகுநிரல் கிடைக்கிறது. அதை ஏற்ற மறந்தால் உருது எழுத்துகள் தலைகீழ் வரிசையில் வரும். வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் யாராவது ஒருவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

9. வேலூர்னு தமிழ்ல தேடினா நாமக்கல் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது!

அது பரமத்தி வேலூர், காவிரிக்கரை ஊர். ஆங்கில எழுத்துக்கூட்டில் இரண்டும் வேறு, தமிழில் இரண்டும் ஒன்றே. இது ஒன்று மட்டுமில்லை. நம் பக்கத்துத் திருப்பத்தூருக்குச் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் இரட்டை இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இப்படிச் சில சிக்கல்கள் புதிதாக முளைக்கும்.

இதைத் தீர்க்க ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் சிலர். செய்யாதீர்கள். ஊர் எந்த மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பது தரவில் ஏற்கெனவே உண்டு. தேடல் முடிவைக் காட்டும்போது மாவட்டத்தைச் சிறு எழுத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தளம் வேலூருக்கானது என்றால், முதலில் தெரியும் பகுதிக்குள் தேடும்படி முன்னுரிமை கொடுத்தாலே முக்கால் தொல்லை தீரும்.

10. ஆம்பூரை ஏன் வேலூர் மாவட்டத்துல காட்டலை? எங்க தோல் ஷாப் விலாசம் எல்லாமே வேலூர் மாவட்டம் தானே?

2019 வரை அப்படித்தான். அந்த ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. அதற்கு முன் 1989இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. வீட்டுப் பத்திரத்தில் வட ஆற்காடு, ரேஷன் அட்டையில் வேலூர், இன்றைய வரைபடத்தில் திருப்பத்தூர் என்று ஒரே வீட்டுக்கு மூன்று விலாசம் இருப்பதெல்லாம் இங்கே சகஜம்.

வரைபடத்தில் இன்றைய மாவட்டம்தான் இருக்க வேண்டும். பழையதை வைத்துத் தேடுபவர்களுக்காக, 2ஆம் கேள்வியில் சொன்ன பழைய பெயர்ப் புலத்தைப் பயன்படுத்தலாம்.

11. சித்தூர் ஒரு காலத்துல வட ஆற்காடு தானே? அதையும் சேர்த்துக் காட்டினா என்ன?

உண்மையில் சித்தூர்தான் வட ஆற்காட்டின் தலைநகராகவே இருந்தது. 1911இல் வட ஆற்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பையின் சிலவற்றையும் எடுத்துச் சித்தூர் மாவட்டம் உண்டானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது மாவட்டம் அங்கே போனது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின்படி சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூர் வரவில்லை.

அதோடு முடிந்தது. இப்போது அது தகராறு எல்லை கிடையாது. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆந்திரம்; கோடு அங்கேதான் வர வேண்டும். பழைய எல்லையைக் காட்ட ஆசையிருந்தால் ‘1910 நிலவரம்’ என்று தலைப்புக் கொடுத்துத் தனி வரைபடமாகப் போடுங்கள், நானே உதவுகிறேன்.

அதே சமயம், கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள சித்தூர், பலமனேர், குப்பம், நகரி எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் தாராளமாகச் சேர்க்கலாம். அங்கும் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள், இங்கிருந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் யாராவது தெலுங்குப் பெயர் சேர்த்தால் நாம் சண்டைக்குப் போகப் போவதில்லையே. பெயர் எழுதுவதால் ஊர் யாருக்கும் சொந்தமாகிவிடாது.

12. தமிழை செலக்ட் பண்ணினா பார்டரும் நம்ம பார்டரா மாறிடுமா?

மாறக் கூடாது. பலர் குழம்பும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மொழி என்பது பார்ப்பவருடைய தேர்வு. எல்லை என்பது வெளியிடுபவர் எந்த நாட்டில், எந்தச் சட்டத்துக்கு உட்பட்டு வெளியிடுகிறார் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டினால் அபத்தமாகிவிடும். தமிழ் என்றால் இந்தியா என்று வைத்தால் யாழ்ப்பாணத்துக்காரரை என்ன செய்வது? சிங்கப்பூர்த் தமிழரை? உருது என்றால் பாகிஸ்தான் எல்லை என்று நிரல் எழுதினால், ஆம்பூரில் உருது படிக்கும் தோல் வியாபாரிக்குப் பாகிஸ்தான் வரைபடம் போகும். அதைவிட அவமரியாதை வேறில்லை. வங்காளம் படிப்பவர் முர்ஷிதாபாத்காரராகவும் இருக்கலாம், டாக்காக்காரராகவும் இருக்கலாம். ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் தங்கியிருக்கிறார்கள்.

நல்ல சேவைகள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. கூகுளின் நிரல் இடைமுகத்தில் (ஏபிஐ) மொழிக்கு ஓர் அளவுரு, நாட்டுக்கு இன்னோர் அளவுரு. மேப்பாக்ஸில் மொழிக்குத் தனி அமைப்பும், ‘வேர்ல்ட்வியூ’ என்ற பெயரில் எல்லைக்குத் தனி அமைப்பும் உண்டு. அதில் இந்தியாவையும் தேர்ந்தெடுக்கலாம். மொழியை மட்டும் தமிழாக்கிவிட்டு நாட்டை அப்படியே விடுபவர்கள்தான் பின்னால் எனக்குப் போன் செய்கிறார்கள்.

13. என் போன்ல காஷ்மீர் முழுசா இருக்கு. துபாய்ல இருக்கற தம்பி போன்ல புள்ளிக்கோடா தெரியுதாம். எது சரி?

இரண்டும் கூகுள் வேண்டுமென்றே காட்டுவதுதான். இந்தியாவில் இருந்து பார்த்தால் இந்திய அரசு சொல்லும் எல்லை முழுக் கோடாக வரும். வெளிநாட்டிலிருந்து பார்த்தால் தகராறு உள்ள பகுதி புள்ளிக்கோடாக வரும். கிரிமியாவுக்கும் இதே கதைதான்; ரஷ்யாவில் பார்த்தால் வேறு, வெளியே பார்த்தால் வேறு. 2025இல் அமெரிக்க அரசு மெக்சிகோ வளைகுடாவின் பெயரை மாற்றியபோதும், அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் புதுப் பெயர், மற்ற நாடுகளில் பலருக்கு இரண்டு பெயரும் என்று காட்டினார்கள்.

நாட்டுக்கொரு முகம் காட்டுவது நேர்மையா என்று கேட்டால், வியாபாரத்துக்கு வசதி என்பேன். தகராறு இருக்கிறது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்டு நடத்தும் நிறுவனத்துக்கு வேறு வழி அதிகம் இல்லை.

14. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மட்டும் ஏன் நம்ம எல்லையைச் சரியாப் போட மாட்டேங்குது?

அவர்களுடைய விதி வேறு: களத்தில் போய்ப் பார்த்தால் எது உண்மையில் நடப்பில் இருக்கிறதோ அதைப் போடு. யாருடைய நிர்வாகம் ஓர் இடத்தில் நடக்கிறதோ அதன்படி கோடு வரும். அதனால் காஷ்மீரில் 1972 சிம்லா உடன்பாட்டின் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டியும், லடாக்கில் இன்றைய கட்டுப்பாட்டு நிலவரத்தை ஒட்டியும் வருகிறது. இந்தியாவுக்கு மட்டும் இல்லை, எல்லா நாட்டுக்கும் இதே விதி.

உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் திருத்தும் ஒரே தரவுத்தளம் அது. நாட்டுக்கொரு பதிப்பு வைக்க வழியில்லாததால் இப்படி ஒரு விதி. ஒரு நாடு உரிமை கோரும் எல்லையைத் தனி வகையாகக் குறித்து வைக்கவும் வசதி உண்டு. தரவை எடுத்து நாம் வரையும்போது எதைக் காட்டுவது என்பது நம் பொறுப்பு.

15. தப்பா மேப் போட்டா ஜெயிலாமே? வாட்ஸாப்ல 100 கோடி அபராதம்னு வந்துச்சு.

இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் 1990இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் இந்திய வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரசு புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுக்கும். இது இன்றும் நடப்பில் உள்ள சட்டம், வாட்ஸாப் வதந்தி இல்லை. 2015இல் காஷ்மீரைத் தவறாகக் காட்டியதற்காக அல்ஜசீரா ஆங்கிலத் தொலைக்காட்சியை இந்தியாவில் ஐந்து நாள் நிறுத்தி வைத்தார்கள்.

100 கோடி என்பது 2016இல் வந்த புவியிடத் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு. 7 ஆண்டு வரை சிறை என்றும் அதில் இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்து, சட்டமாகாமலே போய்விட்டது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் நேர் எதிர்த் திசையில் போயின. இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்றாக்கின. ஆனால் அரசியல் எல்லைகளுக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் தரவுதான் அளவுகோல் என்பதை அதிலும் விடவில்லை.

16. எங்க வெப்சைட்ல ஓரமா ஒரு சின்ன மேப் இருக்கு, லாட்ஜுக்கு வழி காட்ட. இதுக்கெல்லாமா கேஸ் வரும்?

உங்கள் வாடிக்கையாளருக்குக் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து உங்கள் வாசல் வரை தெரிந்தால் போதும். அப்புறம் எதற்கு இமயமலை வரை பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதி? லீஃப்லெட் போன்ற எளிய நூலகத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு: எவ்வளவு தூரம் வெளியே போகலாம் என்ற குறைந்தபட்ச ஜூம், எந்தப் பகுதிக்குள் நகரலாம் என்ற எல்லைப் பெட்டி. வடக்கே சித்தூர், தெற்கே திருவண்ணாமலை, கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு என்று பெட்டியைப் பூட்டிவிடுங்கள். நாட்டு எல்லை என்ற பேச்சே திரையில் வராது. வரைபடமும் சீக்கிரம் திறக்கும்.

நான் வைத்துக் கொடுக்கும் லாட்ஜ், கடைத் தளங்கள் எல்லாம் இப்படித்தான். யாரும் இதுவரை ‘ஏன் காஷ்மீருக்குப் போக முடியவில்லை’ என்று கேட்கவில்லை.

17. நாங்க காலேஜ் ப்ராஜெக்ட். இந்தியா முழுக்கக் காட்டியே ஆகணும், அதுவும் நாலு மொழியில. என்ன செய்யலாம் அண்ணா?

எல்லைக் கோடும் பெயர்களும் இரண்டு தனி அடுக்குகளாக இருக்கட்டும். 12ஆம் பதிலின் காரணமேதான். எல்லைக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்து நிர்வாக எல்லைத் தரவை எடுங்கள். நேச்சுரல் எர்த் என்ற இலவசத் தரவுத்தொகுப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும் எல்லைக் கோப்புகளைத் தருகிறது, இந்தியப் பார்வைக்கும் ஒன்று உண்டு. சிறிய அளவில் காட்டும் முகப்பு வரைபடத்துக்கு அது வசதி. ஆனாலும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது அடிவரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ராஸ்டர் படத்தில் எல்லைக் கோடு படத்தோடு பதிந்துவிட்டது. அதன் மேல் நம் கோட்டை வரைந்தால் இரண்டும் தெரியும். வெக்டர் வகையில் எல்லை தனி அடுக்காக வரும், அதை அணைத்துவிட்டு நம்முடையதை வைக்கலாம். ஓப்பன்மேப்டைல்ஸ் வடிவத்தில் தகராறு உள்ள கோடுகளுக்குத் தனி அடையாளமே இருக்கிறது. வெக்டர் எடுத்தால் 7ஆம் கேள்வியின் தமிழ் எழுத்துத் தொல்லை திரும்பி வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்காது.

2019 அக்டோபர் 31க்கு முந்தைய எல்லைக் கோப்பைத் தொடவே வேண்டாம். அன்றுதான் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் தனித்தனி ஒன்றியப் பகுதிகளாயின. இரண்டு நாள் கழித்துப் புதிய அரசியல் வரைபடம் வெளியானது. இணையத்தில் சுற்றும் இலவசக் கோப்புகளில் பழையவை நிறைய.

18. கச்சத்தீவை எந்தப் பக்கம் போடணும்? நம்மளுதுன்னு போட்டா தான் இங்க கைதட்டுவாங்க.

1974 உடன்படிக்கையில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட கடல் எல்லைப்படி அது இலங்கைப் பக்கம். மீட்க வேண்டும் என்று தமிழகத்தில் கோரிக்கை உண்டு. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆனால் கோரிக்கை வேறு, இன்றைய எல்லை வேறு. வரைபடத்தில் இன்றைய எல்லை வரும். கோரிக்கையைக் கட்டுரையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். காஷ்மீர் விஷயத்தில் சட்டம் எந்தத் தரவைப் பார்க்கச் சொல்கிறதோ அதையே இங்கும் பாருங்கள். கைதட்டலுக்காகக் கோடு போட ஆரம்பித்தால் நிறுத்த இடமே இருக்காது.

19. சீனா அருணாச்சலத்து ஊருக்கெல்லாம் புதுப் பேரு வைக்குதாமே. சீன மொழியில மேப் போட்டா அதைத் தான் எழுதணுமா?

11ஆம் பதிலில் பெயர் எழுதுவதால் ஊர் சொந்தமாகாது என்றேன். இது அதற்கு விதிவிலக்கு மாதிரித் தெரியும், இல்லை. சித்தூருக்குத் தமிழில் சித்தூர் என்று எழுதுவது, அங்குள்ளவர்கள் சொல்லும் பெயரை வேறு எழுத்தில் எழுதுவது. 2017 முதல் சீனா பட்டியல் பட்டியலாக வெளியிடுவது, தன் உரிமைக் கோரிக்கைக்காக அரசு சூட்டும் பெயர்கள். இந்தியா ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறது.

சீன மொழியில் பெயர் வேண்டுமென்றால் அந்த ஊர் மக்கள் சொல்லும் பெயரின் ஒலியைச் சீன எழுத்தில் எழுதினால் போதும். எந்த மொழியாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர் காதில் விழுந்தால் தன் ஊர் என்று தெரிந்துகொள்வாரா?

20. நான் தமிழ்ல மாத்தறேன், இன்னொருத்தர் வந்து அழிக்கறார். திரும்ப நான் மாத்தறேன். யாரு தான் ஜெயிப்பாங்க?

இருவரும் தோற்பீர்கள், கணக்கு முடக்கப்படும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே கருத்து எழுத இடம் உண்டு. முதலில் அங்கே மரியாதையாகக் கேளுங்கள். பலகையின் படம் இருந்தால் இணைப்புக் கொடுங்கள். பெரும்பாலும் எதிராளி வேறு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு ‘எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும்’ என்று செய்பவராக இருப்பார். தமிழ்ப் புலத்தைத் தொட வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்வார். கேட்கவில்லையென்றால் இந்தியப் பங்களிப்பாளர்கள் கூடும் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள். அதற்கும் மேல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழு இருக்கிறது. நாட்டு எல்லைச் சண்டைகளும் கடைசியில் அவர்களிடம்தான் போகின்றன, அதனால் பதில் வரத் தாமதமாகலாம். அதுவரை கை வைக்காதீர்கள்.